வில்லியம் கோல்டிங் ஒரே நாவலோடு நின்றுவிட்டவரா? போருக்குப் பிந்தைய ஆங்கில இலக்கியத்தில் அவருக்கு என்ன இடம்?

இல்லை. ஆளில்லாத் தீவில் சிக்கிய ஆங்கிலப் பள்ளிப் பையன்கள் மெல்ல மெல்லக் கொடூரர்களாகும் கதையான 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' பல நாடுகளில் பாடப்புத்தகமாகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. நானும் கல்லூரியில் சங்கு எதன் குறியீடு, மூக்குக் கண்ணாடி எதன் குறியீடு என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன்தான். பல வருடம் கழித்து 'தி இன்ஹெரிட்டர்ஸ்' (1955) படித்தபோதுதான் அவர் எவ்வளவு பெரிய எழுத்தாளர் என்று புரிந்தது.

அதில் லாக் என்றொரு நியாண்டர்தால் மனிதன், நம் இனம் வந்தபின் அழிந்துபோன ஆதி மனித இனத்தவன். வில்லும் அம்பும் அவன் கண்டதே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவன் குச்சியொன்றைத் தூக்கிப் பிடிக்கிறான். குச்சி இரு முனையிலும் குட்டையாகி, மறுபடி நீளமாகிறது. லாக்கின் காதோரம் மரத்தில் 'டொக்' என்று சத்தம். பார்த்தால், மரத்தில் புதிதாக ஒரு குச்சி முளைத்திருக்கிறது! எதிரே நிற்பவன் தனக்கு ஏதோ கொடுக்க நீட்டுகிறான் என்றே லாக் நினைக்கிறான். நமக்குத்தான் நெஞ்சு பதறுகிறது. தலைப்பு சொல்லும் வாரிசுகள் நாம்தான், எய்தவனின் வாரிசுகள்.

பள்ளி ஆசிரியராக இருந்த கோல்டிங் இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், கடற்படையில் சேர்ந்தார். 1944-இல் நார்மண்டி கரையில் ராக்கெட் வீசும் கப்பலை நடத்தினார். சமுதாயத்தைச் சீர்படுத்தினால் மனிதனும் சீராவான் என்று போருக்கு முன் நம்பியவர், பிறகு தேனீ தேனை உண்டாக்குவதுபோல மனிதன் தீமையை உண்டாக்குகிறான் என்று எழுதினார். நாஜிக் கொடுமைகளைச் செய்தவர்கள் காட்டுவாசிகள் அல்லர், படித்த டாக்டர்களும் வக்கீல்களும் என்பது அவரை உலுக்கியது. போரில் வென்ற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, தீமையை ஜெர்மானியர் தலையில் மட்டும் கட்டாமல் தன் நாட்டுப் பள்ளிப் பையன்களிடமே காட்டினாரே, அவருடைய இடம் அதில்தான் இருக்கிறது என்பேன்.

'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' கையெழுத்துப் பிரதியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஃபேபர் பதிப்பகத்திலும் தள்ளிவைத்ததை அங்கே பதிப்பாசிரியராக இருந்த சார்லஸ் மான்டீத் எடுத்துப் படித்து, அணுகுண்டுப் போர் வரும் தொடக்கத்தை நீக்கச் சொல்லி, 1954-இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு கிங்ஸ்லி ஏமிஸின் 'லக்கி ஜிம்' நாவலும் வந்தது. அந்தத் தலைமுறையில் பலர் வர்க்கத்தையும் வேலையையும் எழுதினார்கள். கோல்டிங் மனித இனத்தையே விசாரித்தார். புக்கர் 1980-இல், நோபல் 1983-இல்.

'தி இன்ஹெரிட்டர்ஸ்' முடியும் தறுவாயில் ஓர் இடம். அதுவரை 'அவன்' என்று வந்த லாக், திடீரென்று 'அது' ஆகிவிடுகிறான். தூரத்தில் ஒரு செந்நிறப் பிராணி. அதன் கண்களில் நீர். நான் அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.