வெட்டுப்பட்ட விரல்கள்

வணக்கம் ஐயா,

என் மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். சிவாஜி கணேசன் நடித்த காட்சிகளைக் கைபேசியில் காட்டினால் சிரிக்கிறான். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் நாதஸ்வரக் காட்சி ஒன்று ஒரு நிமிடத் துணுக்காக வந்தது. பார்த்துவிட்டு, “ஊதுறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு முகம்?” என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. சிவாஜி மிகை நடிப்புக்காரர்தானா? எம்.ஜி.ஆரோடு வைத்துப் பார்த்தால் அவர் இடம் என்ன? சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஏன் அவருக்குக் கிடைக்கவே இல்லை? என் மகனுக்கு எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்விகளைவிட உங்கள் மகனின் கேள்வி நல்ல கேள்வி. ஊதுவதற்கு எதற்கு இவ்வளவு முகம்? சில மாதங்களாக நானும் இதையேதான் சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறேன். எம்.ஜி.ஆர். ஒப்பீடு வேண்டாம். அறுபது வருடமாகப் பேசியும் அதிலிருந்து நடிப்பைப் பற்றி யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. விருது விஷயமும் அப்படித்தான். சிறந்த நடிகருக்கான தேசிய விருதே 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. பராசக்தி (1952), வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), பாசமலர் (1961), கர்ணன், நவராத்திரி (1964), திருவிளையாடல் (1965) எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன. கட்டபொம்மனுக்காக 1960-ல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். 1996-க்கான தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. இது போதும்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். அந்தக் காட்சியில் அவர் செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொண்டு பிறகு மிகையா இல்லையா என்று பேசுவோம்.

படம் 1968-ல் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, இயக்கம் ஏ.பி. நாகராஜன், இசை கே.வி. மகாதேவன். கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரமாக நம் காதில் விழுவது மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. திரையில் சிவாஜியும் அவர் தம்பியாக ஏ.வி.எம். ராஜனும், தவிலில் டி.எஸ். பாலையா.

நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை ஏழு. மேல் மூன்றுக்கு இடக்கை விரல் மூன்று, கீழ் நான்குக்கு வலக்கை விரல் நான்கு. கட்டைவிரலுக்குத் துளை கிடையாது, அது குழலைத் தாங்குவதோடு சரி. கீழே வாசித்த சுரத்தையே மேல் ஸ்தாயியில் வாசிக்கும்போது விரலடைப்பு பெரும்பாலும் மாறாது. மாறுவது சீவாளியை, அதாவது குழலின் நுனியில் செருகி ஊதும் நாணல் துண்டைக் கவ்விய உதட்டின் பிடியும் காற்றின் அழுத்தமும்தான். அதாவது வித்வான் மேலே ஏறிவிட்டார் என்பதை அவர் விரலில் பார்க்க முடியாது. கன்னத்திலும் கழுத்திலும்தான் பார்க்கலாம். உங்கள் மகன் ‘முகம்’ என்று சொன்னது இதைத்தான். வீணை வாசிப்பவர் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு வாசித்துவிடலாம். நாதஸ்வரத்தில் முகமும் கருவியின் ஒரு பாகம். எந்தக் கோயில் உற்சவத்திலும் நாயனக்காரர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இதைப் படப்பிடிப்பில் செய்து காட்டுவது இன்னும் கடினம். பாட்டை முதலிலேயே ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள். தளத்தில் அதை ஒலிபெருக்கியில் போட்டு, கேமராவை நொடிக்கு 24 கட்டமாக, அதாவது 24 தனித்தனிப் படமாக ஓட்டிப் பிடிப்பார்கள். பாடகருக்கு வாயசைப்பதென்றால் சொல் இருக்கிறது, வாய் எங்கே திறக்கும் என்று தெரியும். நாதஸ்வரத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லே இல்லை. ஒவ்வொரு சங்கதியையும், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் ஒவ்வொரு வகையையும், மனப்பாடம் செய்தாக வேண்டும். நிஜமாகவே ஊதினால் அந்தச் சத்தத்தில் ஒலிபெருக்கி கேட்காது. ஊதாமல் விட்டால் கன்னம் தொங்கிப்போகும், கழுத்து நரம்பு எழாது. சத்தம் வராமல் அழுத்தம் மட்டும் வர வேண்டும்.

பாட்டு ஒரே மூச்சில் படமாவதும் இல்லை. இருபது, முப்பது துண்டாக, நாள் கணக்கில் எடுப்பார்கள். ஒரு துண்டு சங்கதியின் நடுவில் தொடங்கும். அங்கே கன்னத்தில் பாதி மூச்சு செலவான நிலை தெரிய வேண்டும். அனுபவமில்லாத நடிகர் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக மூச்சை நிரப்பிக்கொண்டு நிற்பார். வெட்டி ஒட்டியதும், நடுச்சங்கதியில் கன்னம் திடீரென்று உப்பும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ பொய் என்று மட்டும் தோன்றும். கணக்கும் அவ்வளவு நெருக்கமானது. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டம். இரண்டு கட்டம் பிசகினால் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தவில் அடியோடு சேரும் இடத்தில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதற்குப் பயந்துதான் பல படங்களில் நிஜ வித்வானின் கையைத் தனியாக நெருக்கத்தில் எடுத்துச் செருகுவார்கள். கையின் நிறம் மாறும், மோதிரம் மாறும். சண்முகசுந்தரத்தை முகம், விரல், குழல் மூன்றும் ஒரே சட்டத்தில், அதாவது கேமரா பிடிக்கும் ஒரே படப்பரப்புக்குள் தெரிய நிற்க வைக்க முடிந்தது என்றால் அது அந்த நடிகரை நம்பித்தான்.

இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் இரட்டை நாயனத்தில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் நிரப்புவார். ஆகவே அண்ணன் உதடு தளரும் கணத்தில் தம்பி உதடு இறுக வேண்டும். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தால்தான் இது புரியும்.

‘நலந்தானா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டு எழுந்தவன் வாசிக்கிறான். நாட்டியக்காரி மோகனா ஆடிக்கொண்டே நலம் கேட்கிறாள். அவனுக்கு அழுகை வருகிறது. மனிதன் அழும்போது முதலில் நடுங்குவது உதடு. சீவாளி கவ்விய உதடு நடுங்கக் கூடாது, நடுங்கினால் சுரம் கலையும். தாடையும் அசையக் கூடாது. நடிகருக்கு அழுகையைக் காட்ட இருக்கும் வழிகளில் பாதி அடைபட்டுவிட்டது. மிச்சம் கண்ணும் புருவமும்தான். வாயைக் கட்டிப்போட்டுவிட்டு அழச் சொன்னால் கண் எவ்வளவு வேலை செய்ய வேண்டும்? அதைப் பார்த்துத்தான் அதிகம் என்கிறீர்கள்.

இப்போது கைபேசிக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, எஸ்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதுவும் இதே நாகராஜன், இதே சிவாஜி. அதற்கு முந்தைய படங்களின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய தொலைக்காட்சித் திரையின் அகலம் 1.78. பக்கங்களில் கறுப்பு விடாமல் திரையை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால், உயரத்தில் 100-க்கு 23 பங்கு போய்விடும். அகலத்திரைக்கு, அதாவது 2.35-க்கு இழுத்தால் 42 பங்கு. நாதஸ்வரம் உதட்டிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் கருவி. அடியில் வெட்டினால் முதலில் போவது அணசு, அதாவது குழலின் விரிந்த அடிவாய். அடுத்தது வலக்கை, நான்கு விரலோடு. விரல் போன பிறகு என்ன மிஞ்சும்? உப்பிய கன்னம், புடைத்த நரம்பு, உருளும் கண். காரணத்தை வெட்டிவிட்டு விளைவை மட்டும் காட்டுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு வந்தது கைபேசிக்காக நெட்டுக்குத்தாக வெட்டிய துணுக்காகத்தான் இருக்கும். அதில் அகலத்தில் 100-க்கு 41 பங்குதான் மிஞ்சும். தம்பி போய்விட்டார், தவிலும் போய்விட்டது. சிவாஜி யாரைப் பார்த்துப் புருவம் தூக்குகிறார்? பாலையாவை. அவர் கொடுத்த முத்தாய்ப்புக்கு, அதாவது முடிப்பு அடிக்கு, இவர் தலையசைக்கிறார். அந்தப் பாலையா சட்டத்திலேயே இல்லை. சரி, அடியையாவது கேட்கலாம் என்றால், தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஓசை கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் எழும்பாது. பார்க்க ஆள் இல்லை, கேட்க அடி இல்லை. எதிரே ஒன்றுமே இல்லாமல் ஒருவர் முகத்தை ஆட்டிக்கொண்டிருப்பதைப் போலத்தான் தெரியும். பையன் சிரிக்காமல் என்ன செய்வான்? அவன்மீது பிழையே இல்லை. முழுப் படத்தையும் பார்த்திருக்கக்கூடிய வயதுள்ள நீங்கள், ஒரு நிமிடத் துணுக்கை நம்பி ‘எனக்கும் அதிகமாகத்தான் பட்டது’ என்று எழுதுகிறீர்களே, அதுதான் வருத்தம்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய தொலைக்காட்சிப் பிரதிகளில் 24 கட்டப் படத்தை 25 கட்டமாக ஓட்டியிருப்பார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். கண்ணிமைப்பும் கழுத்துத் திருப்பலும் எல்லாம் கொஞ்சம் துடுக்காகத் தெரியும். நிதானமாகச் செய்தவரைப் பதற்றக்காரராகக் காட்ட இதுவே போதும்.

குரலைப் பற்றியும் பலர் குறை சொல்வார்கள். அவர் பாய்ஸ் கம்பெனியில் சிறுவயதில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துத்தான் பெரியார் அவரைச் ‘சிவாஜி’ என்று அழைத்தார். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் ற, ழ, ள தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய நாக்கு அது. மின்விசிறி இரைச்சலோடு ஓடிய டூரிங் டாக்கீஸிலும் அந்த வசனம் புரிந்தது.

அவர் கிட்டத்தட்ட 300 படம் நடித்தார். எழுபதுகளின் பிற்பகுதிப் படங்கள் சிலவற்றில் மிகை நிச்சயமாக உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. அவற்றைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சண்முகசுந்தரத்தைச் சொல்லாதீர்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ‘முதல் மரியாதை’ (1985), ‘தேவர் மகன்’ (1992) என்று எல்லோரும் சொல்வார்கள். அவற்றில் அவர் அடங்கி நடித்திருப்பதால் இன்றைய பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது கணக்கு. அவற்றைப் பிறகு பார்க்கட்டும். உங்கள் மகன் சிரித்த அதே படத்தையே போடுங்கள். கைபேசி வேண்டாம், வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் போடுங்கள். தொப்பி ஓசை எழும்பும் ஒலிபெருக்கி ஒன்றையும் இணைத்துக்கொள்ளுங்கள். தியாகராஜரின் ‘நகுமோமு’ கீர்த்தனையை வாசிக்கும் இடத்தில் முகத்தைப் பார்க்க வேண்டாம், முதலில் வலக்கையை மட்டும் பார் என்று அவனிடம் சொல்லுங்கள். இரண்டாம் முறை கழுத்தை. மூன்றாம் முறை பாலையாவை. போடுவதற்கு முன் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது வெட்டின பிரதி; வேறு தேடுங்கள்.