பதில்: கூட்டுவாதம் எல்லாம் ஒன்றுதானா?

தம்பி, தொடக்கக்கல்லூரி விவாதத்தில் சோவியத் கூட்டுப்பண்ணை, இஸ்ரேலின் கிப்புட்ஸ் (சொத்தையும் உழைப்பையும் பகிர்ந்து வாழ உருவான கூட்டுக் குடியிருப்பு), நம் சிங்கப்பூர் மூன்றையும் "கூட்டுவாதம்", அதாவது தனிமனிதரைவிடக் குழுவை முன்வைக்கும் கொள்கை, என்று ஒன்றாகப் பேசலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், எதிரணி எளிதாகப் பிரித்து மேய்ந்துவிடும்.

தனிமனிதர் வெளியேற முடியுமா என்று முதலில் பாருங்கள். சோவியத் ஒன்றியம் 1932இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தபோது, பெரும்பாலான கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு அது கிடைக்கவில்லை. அது இல்லாமல் நகரத்தில் குடியேறுவது பெரும்பாடு. கிப்புட்ஸில் சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம், பொதுக்கூட்டத்தில் ஆளுக்கொரு வாக்கு. (ஊர்வாய் சும்மா விடாது, அது வேறு விஷயம்.)

நம் நாட்டுப் பொது விழுமியங்கள் பற்றிய 1991 வெள்ளை அறிக்கை சொத்தைப் பொதுவாக்கச் சொல்லவே இல்லை. தன்னைவிடச் சமூகம் பெரிது என்றது, சரி; ஆனால் தனிமனிதரை மதித்துச் சமூகம் ஆதரிக்க வேண்டும் என்பதும் அந்த அறிக்கையின் ஐந்து விழுமியங்களில் ஒன்று. வாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.