கேள்வி – பதில்

கேள்வி: சட்டமன்றத் தேர்தலுக்கு வெயிலில் வரிசை கட்டுகிறவர்கள், மாநகராட்சித் தேர்தல் என்றால் ஏன் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: 2022 பிப்ரவரியில் சென்னையில் பதிவானது 44 சதவீதத்துக்கும் குறைவுதான். தேர்தல் நடந்ததோ சனிக்கிழமை! சோம்பேறிகள் என்று திட்டிவிட்டுப் போகலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 2016 அக்டோபரோடு பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அப்புறம் ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது, எல்லாம் அதிகாரிகள் கையில். குப்பை வண்டி பாட்டுக்கு வந்து போனது. ஆள் இல்லாமலே ஓடிய வேலைக்கு எதற்கு ஓட்டு என்று ஜனங்கள் நினைத்தால் தப்பா? மேயரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான்.

வாடகை வீட்டுக்காரர்கள் பாடு இன்னொன்று. எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பதிக்கு ஓட்டு இன்னும் பழைய முகவரியில்தான் இருக்கிறது. அந்த வார்டுச் சாக்கடை அவர்களுக்கு எதற்கு?

கிராமத்தில் கதை வேறு. ஊராட்சித் தேர்தலில் ஒரே நாளில் நான்கு பதவிகளுக்கு நான்கு ஓட்டு. வேட்பாளர் பெரியப்பா மகனாக இருப்பார். போகாவிட்டால் டீக்கடையில் தலைகாட்ட முடியாது. நகரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

சரி, உங்கள் வார்டு எண் என்ன, பார்க்காமல் சொல்லுங்கள்!