ஸ்டீம் கிளீனர் வாங்கலாமா? முதலில் உங்கள் தரை என்னவென்று சொல்லுங்கள்

வீட்டு உபயோகக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. தரை துடைக்கும் ஸ்டீம் கிளீனர் வாங்கலாமா என்று வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கவிதா: அண்ணா, வீடு முழுக்க டைல்ஸ். இப்போது பக்கெட்டும் மாப்பும்தான். ஸ்டீம் மாப் வாங்கினால் வேலை குறையுமா?

துடைக்கிற வேலை கொஞ்சம் குறையும். பெருக்குகிற வேலை அப்படியேதான் இருக்கும். ஸ்டீம் மாப் எதையும் உறிஞ்சி எடுக்காது. சூடான ஆவியை விட்டு அழுக்கை இளக்கும், அடியில் இருக்கும் துணி அதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பெருக்காமல் ஓட்டினால் தூசியும் முடியும் ஈரத்தில் குழைந்து, துணி போகிற வழியெல்லாம் கோடு கோடாக இழுபடும்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பக்கெட் தூக்க வேண்டாம், பிழிய வேண்டாம், அழுக்குத் தண்ணீரிலேயே திரும்பத் திரும்ப முக்க வேண்டாம். தரையும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் துணி அழுக்கானதும் மாற்றியே ஆக வேண்டும். ஒரே துணியில் வீடு முழுக்க ஓட்டினால் ஒரு அறை அழுக்கு அடுத்த அறைக்குப் போகும். வழவழப்பான டைல்ஸ், தினம் துடைக்கிற வீடு, இப்போதே திருப்தியாக இருக்கிறது என்றால் ஒரு நல்ல மைக்ரோஃபைபர் மாப் போதும். இதை வாங்க அவசரம் இல்லை.

ரஹீம்: டப்பாவில் 99.9 சதவீதம் கிருமி சாகும் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நீங்கள் துடைக்கிற மாதிரி துடைத்து எடுத்த கணக்கு இல்லை. வெப்பத்தால் கிருமி சாக வேண்டும் என்றால் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். உணவைச் சூடாக்கும்போது அதன் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் சொல்லும் அளவு. ஸ்டீம் மாப்பிலிருந்து ஆவி 100 டிகிரியை ஒட்டி வந்தாலும், துணியைத் தாண்டிக் குளிர்ந்த தரையைத் தொடும்போது சூடு இறங்கிவிடும். நாமோ ஒரு இடத்தில் ஒரு விநாடிகூட நிறுத்துவதில்லை.

டப்பாவில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருந்தால், அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். எத்தனை விநாடி ஒரே இடத்தில் வைத்துச் சோதித்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நோயாளி இல்லாத சாதாரண வீட்டுத் தரைக்குக் கிருமிநீக்கமே அவசியம் இல்லை, சுத்தம் போதும். இந்த எண்ணுக்காக மட்டும் வாங்காதீர்கள்.

ஜான்சி: எங்கள் வீட்டில் ஒரு அறை மரத்தரை, இன்னொன்று லேமினேட், வரவேற்பறையில் வினைல். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஆகும் என்கிறார்.

வாங்காதீர்கள். மூன்றுமே ஆவிக்கு ஆகாத தரைகள்.

லேமினேட்டின் மேலே ஒரு மெல்லிய தகடுதான். உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. பலகைகள் சேரும் இடுக்கு வழியாக ஆவி உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகும். அதில் நார் ஊறி வீங்கும். ஓரங்கள் உதடு பிதுங்கினாற்போல் தூக்கிக்கொண்டு நிற்கும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரே நாளில் நடக்காது என்பதால், முதல் சில முறை ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியமாக ஓட்டுவோம். ஆபத்தே அந்தத் தைரியத்தில்தான்.

வினைல் ஒரு பிளாஸ்டிக். 100 டிகிரிக்கு முன்பே இளகும். அடியில் ஒட்டியிருக்கும் பசையும் இளகினால் ஓரம் சுருளும், நடுவில் குமிழ் விடும். மரத்தரையில் மேல்பூச்சு வெளுத்து மங்கும். பூச்சில் கீறலோ இடைவெளியோ இருந்தால் ஈரம் உள்ளே இறங்கிப் பலகை வளையும். மெழுகு பூசிய தரை என்றால் மெழுகே உருகி வந்துவிடும்.

ஸ்டீம் மாப் டப்பாவில் 'சீல் செய்த மரத்தரைக்கும் ஏற்றது', அதாவது ஈரம் இறங்காதபடி மேல்பூச்சு போட்ட தரைக்கு ஆகும் என்று இருக்கலாம். தரை செய்தவர்களின் வாரண்டித் தாளைப் பாருங்கள். அவர்களில் பலர் ஆவி கூடவே கூடாது என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் முரண்பட்டால் தரைக்காரர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாப் கெட்டால் வேறு வாங்கலாம், தரையைப் பெயர்ப்பது பெரிய வேலை.

முருகன்: மார்பிள், கிரானைட்?

கிரானைட் தாங்கும். மார்பிள் யோசிக்க வேண்டியது. கல்லின் மேல் பூசிய சீலரையும் பாலிஷையும் அடிக்கடி படும் சூடான ஆவி கரைத்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் ஓட்டி, காய்ந்த பிறகு பளபளப்பு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் விட்டுவிடுங்கள். சீல் செய்யாத கல், பூச்சில்லாத சிமெண்ட் தரை இரண்டுக்கும் வேண்டாம், ஈரத்தைக் குடிக்கும்.

லட்சுமி: டைல்ஸ் இடுக்குகள் கறுத்துப் போயிருக்கின்றன. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கை வலிக்கிறது. இதற்காவது ஆகுமா?

ஆகும். இந்தக் கருவிக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்கிற முதல் காரணமே இதுதான். ஆனால் அகலத் துணி போட்ட மாப் அல்ல, முனையில் குழாயும் சின்ன பிரஷும் பொருத்துகிற வகை வேண்டும்.

இரண்டு வகை உண்டு. ஸ்டீம் மாப்பில் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் சூடான ஹீட்டருக்குள் தள்ள, உடனே ஆவியாகும். அழுத்தம் குறைவு. பாய்லர் வகையில் மூடிய கலத்துக்குள் தண்ணீர் கொதித்து அழுத்தம் ஏறும். அழுத்தத்தைப் 'பார்' என்ற அளவில் சொல்வார்கள்; காற்றழுத்தத்துக்கு மேல் 4 பார் இருந்தால் உள்ளே தண்ணீர் சுமார் 150 டிகிரி. வெளியே வந்ததும் சூடு இறங்கினாலும் வேகம் இருக்கும். இடுக்கில் உறைந்த எண்ணெயையும் அழுக்கையும் கிளப்புவது அந்த வேகம்தான். கிளம்பிய அழுக்கை உடனே துணியால் துடைத்து எடுங்கள். விட்டால் பக்கத்து டைல்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு எச்சரிக்கை. இடுக்கில் இருக்கும் சிமெண்ட் ஏற்கெனவே பொடிந்து உதிர்கிறது என்றால் வேகமான ஆவி அதையும் சேர்த்துக் கிளப்பிவிடும். அப்புறம், குளியலறைத் தரையில் வெள்ளையாகப் படிந்திருப்பது உப்புக் கறையாக இருந்தால் ஆவிக்குக் கரையாது. அது அமிலத்துக்குத்தான் அசையும்.

அன்வர்: ஒருவர் 1500 வாட் என்கிறார், இன்னொருவர் 1200. வித்தியாசம் உண்டா?

ஆவியின் அளவில் உண்டு. தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கு ஆகும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், 1500 வாட் ஹீட்டர் நிமிடத்துக்கு அதிகபட்சம் 35 கிராம் ஆவி தரும். 1200 வாட் என்றால் 28 கிராம். 'நிமிடத்துக்கு 80 கிராம்' என்று விளம்பரம் செய்தால், வருவதில் பாதிக்கு மேல் வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மில்லி டேங்க் முழு ஆவியில் 11, 12 நிமிடத்தில் காலியாகும். குறைத்து வைத்தால் நீளும்.

1500 வாட் கருவி 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். நேராகச் சுவரில், இந்தச் சுமை தாங்கும் பிளக்கில் செருகுங்கள். அதனால்தான் வயர் எத்தனை மீட்டர் என்று வாங்கும்போதே பார்க்கச் சொல்வேன்.

செல்வி: எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா?

நல்ல கேள்வி. என்னிடம் வரும் ஸ்டீம் மாப்களில் பெரும்பாலானவை சாவது இந்த உப்பால்தான். தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருக்கும் உப்பு ஆவியோடு போகாது, ஹீட்டரிலேயே தங்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை (இப்படிப் படியும் உப்பின் அளவு) உள்ள தண்ணீரை 400 மில்லி டேங்கில் ஊற்றினால், ஒரு தடவைக்கு 120 மில்லிகிராம் வரை படியலாம். நூறு டேங்குக்கு 12 கிராம். ஆவி போகிற வழியோ பென்சில் முனை நுழையாத துளை. பிரித்தால் உள்ளே வெள்ளைப் பொருக்கு ஓடு ஓடாக உதிரும். முதல் அறிகுறி, ட்ரிகரை அழுத்தினால் பம்ப் மட்டும் தடதடவென்று அடிக்கும், ஆவி வராது.

ஏசித் தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் காற்றிலிருந்த தூசியும் பூஞ்சையும் அதில் கலந்திருக்கும். காய்ச்சி வடித்த நீர் நல்லது. இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர். வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பு நீக்கச் சிட்ரிக் அமிலமா, வினிகரா என்பதைக் கருவியின் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள். சில கருவிகளில் வினிகர் கூடாது என்றே எழுதியிருக்கும், உள்ளே இருக்கும் ரப்பரைக் கெடுக்கும்.

செல்வி: அப்படியே வாசனைக்கு ஃப்ளோர் கிளீனர் ரெண்டு சொட்டு?

வேண்டாம். டேங்குக்குள் தண்ணீர் மட்டும். பிளீச் போன்றவற்றை ஊற்றிச் சூடாக்கினால் அந்த ஆவியை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள்.

பிரபு: குழந்தை தவழ்கிறது, பூனையும் இருக்கிறது. ரசாயனம் வேண்டாம் என்பதற்காகவே வாங்க நினைக்கிறேன்.

காரணம் நியாயம்தான். ஆனால் ஓட்டும்போது இரண்டு பேரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது தன்னிடமுள்ள வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கும், அதனால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். தரை காய்ந்து, கை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்ற பிறகு விடுங்கள். பாய்லர் வகையில் அழுத்தம் இறங்குவதற்கு முன் மூடியைத் திறக்கவே கூடாது. பூனை மூத்திர நாற்றத்தைத் தரைவிரிப்பில் ஆவியால் போக்க முயலாதீர்கள், சூட்டில் கறை இன்னும் ஊறிப் பிடித்துக்கொள்ளும். டைல்ஸில் இருந்தால் முதலில் துடைத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

மீனா: அம்மாவுக்கு இடுப்பு வலி. குனியாமல் துடைக்கட்டும் என்று பார்க்கிறேன்.

மாப் வகையே வாங்குங்கள், இழுத்துக்கொண்டு போகும் பாய்லர் வேண்டாம். கடையில் டேங்கை நிரப்பச் சொல்லி அம்மாவையே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். காலி மாப் லேசாகத்தான் இருக்கும். ட்ரிகரை விடாமல் அழுத்தினால்தான் ஆவி வரும் என்ற வகையில் விரல் வலிக்கும், அழுத்தி விட்டால் தானாக ஓடும் வகை அவருக்கு நல்லது.

தினேஷ்: போன வாரம் வாங்கிவிட்டேன். துடைத்த பிறகு டைல்ஸ் முன்னைவிட மங்கலாக, கோடு கோடாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. பல வருடம் ஃப்ளோர் கிளீனர் ஊற்றித் துடைத்ததில் ஒரு மெல்லிய படலம் தரையில் இருக்கும். ஆவி இப்போது அதைக் கிளப்புகிறது, துணியால் முழுவதையும் வாங்க முடியவில்லை. சுத்தமான துணியை அடிக்கடி மாற்றி, ஆவியைக் குறைத்து, இன்னும் நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரித் துணி மென்மையாக்கி எதையும் சேர்க்காதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும். அதற்கப்புறமும் கோடு விழுந்தால், துணி ஈரம் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் ஹீட்டர் சரியாகச் சூடாகவில்லை, வாரண்டி இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கார்த்திக்: பழையது ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் ஆவி விட்டு விட்டு வராமல் சீராக வர வேண்டும். முனையில் வெள்ளைப் பொருக்கு இருக்கக் கூடாது, பிளக்கும் வயரும் தொட்டால் சுடக் கூடாது. அந்த மாடலுக்கு மாற்றுத் துணி இப்போதும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் காசு கொடுங்கள். பாய்லர் வகை பழையதாக வந்தால் நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். மூடியின் ரப்பரும் பாதுகாப்பு வால்வும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.