செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் பேரலை நாமே மாற்றலாமா? பிரான்சில் இருக்கும் அண்ணனுக்காகக் கேட்கிறேன்

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இதுதான்: பிரான்சில் இருக்கும் உங்கள் அண்ணன், தம்முடைய ரூகர் 10/22 என்ற செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிளுக்குத் தடித்த பேரல் (குண்டு வெளியேறும் குழல்) ஒன்றை வாங்கப் போகிறார். அங்கே ஆர்மூரியே (துப்பாக்கி விற்றுப் பழுது பார்ப்பவர்) கேட்கும் கூலி அதிகமாக இருப்பதால் தாமே மாற்றிக்கொள்ளலாமா, அல்லது விடுமுறைக்கு வரும்போது பேரலைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்து புதுச்சேரியில் ஏதாவதொரு லேத்தில் கொடுத்துச் சரிசெய்துகொண்டு போகலாமா என்று யோசிக்கிறார்.

இரண்டாவது யோசனையை இன்றைக்கே கைவிடச் சொல்லுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே அதன் உதிரி பாகங்களும் அடங்கியிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு 10-ஆவது பிரிவின்படி உரிமம் வேண்டும். பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் 5-ஆவது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். வெறும் இரும்புக் குழாய்தானே என்று விமான நிலையத்தில் வாதாட முடியாது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. புதுச்சேரியில் தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையத்திலோ பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கொடுத்த அளவுக்குக் கடைந்து கொடுப்பதுதான் தம் தொழில் என்று நம்பி அந்த வேலையை வாங்கிக்கொள்வார். வழக்கு என்று வந்தால் உங்கள் அண்ணனோடு அவரும் நிற்க வேண்டியிருக்கும்.

இனி முதல் யோசனைக்கு வருகிறேன். நான் சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) குடும்பத்தில் பிறந்தவன். பிரெஞ்சு இராணுவத்தில் ஆயுதப் பணிமனையில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகும் லியோன் நகருக்கு அருகே ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினராக இருந்தவன். இப்போது முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். இதை எழுதுவதால் ஆயுதத்தின் மேல் ஆசை வளர்க்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். துல்லியமாகச் செய்யப்பட்ட ஒரு பொருளைத் துல்லியம் கெடாமல் வைத்திருப்பது பற்றித்தான் நான் பேசுகிறேன். அந்தத் தொழிலில் எனக்குப் பெருமை உண்டு.

1964-இல் வெளிவந்த 10/22-இல் பேரல் மரை போட்டு இறுக்கப்படுவதில்லை. அதன் அடிப்பகுதி, இயங்கும் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியான ரிசீவருக்குள் நுழைந்து உட்காரும்; ஆங்கில வீ எழுத்தின் வடிவில் உள்ள ஒரு சிறு கட்டையை இரண்டு திருகுகள் பின்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ஸ்டாக்கிலிருந்து (பிடித்துக்கொள்ளும் மரக்கட்டையிலிருந்து) பிரித்துவிட்டால், ஓர் ஆலன் கீயைக் கொண்டு யாரும் அந்தத் திருகுகளைக் கழற்றிவிடலாம். காணொளிகளில் காட்டுவது இந்தப் பகுதியைத்தான், அது பொய்யும் இல்லை. ஆனால் புதிய பேரலும் பழைய போல்ட்டும் (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றனவா என்று அளந்து அறிவதுதான் வேலை. ஆர்மூரியே கூலி வாங்குவது திருகாணியைத் திருப்புவதற்கு அல்ல, அந்த அளவெடுப்புக்குத்தான்.

ஏன் என்றால், இந்த வகை ரைஃபிளில் போல்ட் பூட்டப்படுவதே இல்லை. அதன் எடையும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே தோட்டாவைப் பின்னால் தாங்குகின்றன. இதில் போடும் .22 எல்ஆர் தோட்டா சிறியதுதான் என்றாலும், அதற்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. தோட்டாவின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன். அது உட்காரும் இடைவெளியைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறோம். 10/22-இல் இந்த இடைவெளி பெரும்பாலும் போல்ட்டின் முகத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் போல்ட் வந்து பேரலின் முகத்தோடு முழுவதும் ஒட்டி நின்றால்தான் அந்தக் கணக்கு செல்லுபடியாகும். நிற்காமல் வெடித்தால், பித்தளைக் கூடு தாங்க ஆளில்லாத இடத்தில் கிழிந்து, சூடான வாயுவும் துகள்களும் சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். கண்ணாடி அணியாமல் சுடுகிறவர்களைக் கழகத்தில் நான் கண்டித்ததற்குக் காரணம் இதுதான்.

எங்கள் கழகத்தில் காரைக்காலைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். உங்கள் அண்ணனைப் போலவே, அவரும் தடித்த பேரல் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொண்டு வந்தார். சாதாரணத் தோட்டாவைப் போட்டபோது ஓடியது. போட்டிக்கான மெழுகு பூசிய தோட்டாவைப் போட்டபோது போல்ட் முழுவதும் மூடவில்லை. சில கூடுகள் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டன. “அண்ணே, புதுசு போட்டதுக்குப் பழசே தேவலாம் போல இருக்கு” என்று நொந்துபோனவர், துளையிடும் கருவியில் உப்புத்தாளைச் சுற்றிச் சேம்பரைக் கொஞ்சம் பெரிதாக்கித் தருமாறு கேட்டார். நான் மறுத்துவிட்டேன், உப்புத்தாள் சேம்பரை எந்த அளவில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெடிக்காத ஒரு தோட்டாவைச் சேம்பரிலிருந்து மெல்ல வெளியே எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்தோம். ஈயக் குண்டின் தோளில் சம இடைவெளியில் சிறு கீறல்கள் பதிந்திருந்தன. மெழுகு ஒரு வளையமாக வழித்தெடுக்கப்பட்டுக் கூட்டின் வாயில் திரண்டு நின்றது. தோட்டா முழுவதும் உள்ளே போவதற்கு முன்பே பேரலுக்குள் வெட்டியிருக்கும் சுழல் வரிகள் ஈயத்தைப் பற்றிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்தப் பேரலின் சேம்பர், கையால் ஒவ்வொன்றாகத் தோட்டா போடும் போட்டி ரைஃபிளுக்கு உரிய இறுக்கமான அளவில் வெட்டப்பட்டிருந்தது. தானாக இயங்கும் ரைஃபிளுக்குச் சற்றுத் தளர்ந்த ஸ்போர்ட்டிங் சேம்பரோ, இரண்டுக்கும் நடுவிலான பென்ட்ஸ் சேம்பரோதான் ஒத்துவரும். விற்ற கடைக்காரரிடம் போனபோது, அவர் பேரலைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் தோட்டாவின் மேல் பழியைப் போட்டார். சேம்பரின் வகையை விலைச்சீட்டில் ஒரு வரி எழுதுவதற்கு என்ன செலவாகிவிடும்? இவ்வளவு விலை வாங்குகிறவர்களுக்கு அந்தக் கடமைகூட இல்லையா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வற்புறுத்திய பிறகே மாற்றிக் கொடுத்தார்.

மாற்றி வந்த பேரலைப் பொருத்தும்போது வேறு இரண்டு குறைகளும் தெரிந்தன. ரிசீவர் அலுமினியக் கலவையால் ஆனது. நண்பர் ஒரு திருகை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டிருந்ததால் பேரல் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. இரண்டையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக, டார்க் ரென்ச்சை (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) கொண்டு இறுக்க வேண்டும். கை பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும். இரண்டாவது குறை ஸ்டாக்கில் இருந்தது. தடித்த பேரலின் குறுக்களவு முழு நீளத்துக்கும் 0.920 அங்குலம் இருக்கும். கம்பெனி ஸ்டாக்கின் பள்ளம் மெல்லிய பேரலுக்காக வெட்டப்பட்டது. ஒரு தாளை மடித்துப் பேரலுக்கும் மரத்துக்கும் நடுவே செருகி இழுத்துப் பார்த்தோம்; முன்பக்கம் வலப்புறத்தில் சிக்கிக்கொண்டது. அந்த இடத்தைச் சீவி, தாள் தடையில்லாமல் ஓடும்படி செய்த பிறகுதான் குண்டுகள் ஓரிடத்தில் சேர்ந்து விழுந்தன.

உங்கள் அண்ணனிடம் இருப்பது 10/22 அல்லாமல் ஏஆர் (ஏஆர்-15 போன்ற) வகை ரைஃபிளாக இருந்தால், மேலே சொன்னதை வைத்துக்கொண்டு துணிய வேண்டாம். அதில் போல்ட்டின் பற்கள் பேரலின் நீட்சியில் பூட்டிக்கொள்கின்றன. ஹெட்ஸ்பேஸை உரிய கேஜ்கள் (அளவுக் கருவிகள்) இல்லாமல் அறிய வழியே இல்லை.

சட்டத்திலும் காணொளிகளை நம்பக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே எண் பொறித்த ரிசீவர்தான் துப்பாக்கி. பேரலைச் சாதாரண உதிரி பாகம் போல வாங்கலாம். ஐரோப்பாவில் அப்படி இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பேரலும் போல்ட்டும் இன்றியமையாத உறுப்புகள். துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாடு அவற்றுக்கும் உண்டு. மறு தோட்டா நிரப்பாமல் மூன்று முறைக்கு மேல் சுடக்கூடிய செமி ஆட்டோமேட்டிக், பிரான்சில் ‘பே’ (B) வகையைச் சேரும். அதற்குப் பிரெஃபெக்தூரின் (மாவட்ட அரசு அலுவலகத்தின்) அனுமதி வேண்டும். மூன்றுக்குள் கட்டுப்படுத்தப்பட்டு ‘சே’ (C) வகையில் இருந்தாலும், பேரலின் நீளம் 45 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழே போனால் மறுபடியும் ‘பே’ வகைதான். ரூகரின் வழக்கமான பேரல் 18.5 அங்குலம், அதாவது சுமார் 47 சென்டிமீட்டர். பலரும் விரும்பி வாங்கும் 16 அங்குலப் பேரல் 41 சென்டிமீட்டருக்கும் குறைவு. வாங்கும் பேரலில் செயின்ட் எத்தியேன் சோதனை நிலையத்தின் முத்திரையோ, சிஐபி (துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பு) உறுப்பு நாடுகளில் வேறொன்றின் முத்திரையோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கா அந்த அமைப்பில் இல்லாததால், அங்கிருந்து நேராக வரும் பேரலில் அது இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன், பழைய பேரல் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். .22 பேரல் எளிதில் தேய்வதில்லை. தொலைநோக்கியின் வளையத் திருகு தளர்ந்திருக்கலாம், ஸ்டாக்கைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், துடைக்கும் கம்பி உரசி வாய்முனை தேய்ந்திருக்கலாம், சேம்பருக்கு முன்னால் ஈயம் படிந்திருக்கலாம். வேறு வேறு கம்பெனித் தோட்டாக்களை மாற்றிப்போட்டுச் சுட்டுப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால், பேரலை வாங்கும் ஆர்மூரியேவிடமே பொருத்தி, கேஜ் வைத்து அளந்து, அவர் கண்முன்னே சுடும் களத்தில் சுட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். கழற்றிய பழைய பேரலும் அங்கே வகைப்படுத்தப்பட்ட உறுப்பே ஆகையால், அதையும் ரைஃபிளோடு இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். நினைவுக்காக என்று சொல்லி அதை ஊருக்கு அனுப்பச் சொல்லிவிடாதீர்கள்.