போகும்போது கேட்க மாட்டார்கள், திரும்பும்போது கேட்பார்கள்

கேள்வி: ஆகஸ்ட் மூன்றாம் வாரம் நான், கணவர், 64 வயது மாமியார் மூவரும் கென்யாவின் மசாய் மாராவுக்கு ஐந்து நாள் சஃபாரி போகிறோம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை, கென்யாவில் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் டிராவல் ஏஜென்ட். நம்பலாமா? வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
- வாசகி, நாமக்கல்

பதில்: அன்புச் சகோதரி, ஏஜென்ட் சொன்னதில் பாதிதான் சரி. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா ஊசி போட்டதற்கான சான்றைக் கேட்பதில்லை. ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. சான்று இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விமான நிலைய சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. வீடு திரும்பும் களைப்பில் அத்தையை அங்கே உட்கார வைக்கும் நிலை வரவே கூடாது.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசி போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. முன்பதிவு செய்துவிட்டு பாஸ்போர்ட்டுடன் போங்கள். போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கப் போதும். ஜூலை தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

இதில் அத்தையின் விஷயம் தனி. இது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸால் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வருவது அரிதுதான். ஆனாலும் இளையவர்களைவிட வாய்ப்பு அதிகம். முட்டை ஒவ்வாமை இருந்தாலும் ஆபத்து. அவருடைய சர்க்கரை டாக்டரிடம் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், விலக்குக் கடிதத்தை வைத்துத் திரும்ப முடியுமா என்பதை ஊசி மையத்தில் விசாரித்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அத்தையை வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள்.

மலேரியா மாராவில் உண்டு. பயணிகளுக்கு அதற்கென்று ஊசி இல்லை, மாத்திரைதான். சிலவற்றை ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரம், சிலவற்றை நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். எது யாருக்குப் பொருந்தும் என்பதையும் அதே டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

நுழைவு அனுமதிக்கு இப்போது விசா இல்லை. 2024 ஜனவரி முதல் இடிஏ என்ற இணைய அனுமதிதான். கென்ய அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன.

இனி ஜீப். ஆகஸ்டில் வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான்களின் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காலம். அந்தக் காட்சிக்காகக் கரையில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் காத்திருப்பீர்கள். நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது. கழிப்பறை பெரும்பாலும் நுழைவாயில், லாட்ஜ், சிறு விமானங்கள் இறங்கும் ஓடுதளம் பக்கம்தான் இருக்கும். சர்க்கரை உள்ள பெண்மணிக்கு இது பெரிய சோதனை. என் அம்மாவோடு போனபோது, கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வந்து, இரண்டாம் நாள் தலைசுற்றிப் படுத்துவிட்டார். அதனால் சொல்கிறேன்: முதல் நாளே டிரைவரிடம் நீங்களே பேசிவிடுங்கள். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தித் தருவார்கள்; அவர்களுக்கு இது அன்றாடம் பழகிய விஷயம். கடலை, பிஸ்கட், குளுக்கோஸ் அத்தையின் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரைகளைப் பெரிய பையில் போடாதீர்கள். வேனா, லேண்ட் க்ரூஸரா என்று கேட்டால் லேண்ட் க்ரூஸரே சொல்லுங்கள், இடுப்பு தாங்கும். சைவம் என்றால் லாட்ஜுக்கு இப்போதே எழுதுங்கள், செய்து தருவார்கள்.

மாரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் போனால் விடிகாலை ஆறு மணிக்குத் திறந்த கூரை ஜீப்பில் பல் கிட்டும். ஸ்வெட்டர், சால்வை, காதை மூடும் குல்லா வேண்டும். பதினொரு மணிக்கு அதே ஜீப்பில் வியர்க்கும், உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம். செட்சீ என்ற கடிக்கும் ஈக்களை அந்த நிறங்கள் இழுக்கும். ராணுவ டிசைன் துணி கூடவே கூடாது, கென்யாவில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம்.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது, துணி டிராவல் பேக்தான். முறுக்கும் புளிக்காய்ச்சலும் கேரி பேக்கில் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள். 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. மஞ்சப்பையும் டிபன் டப்பாவும் போதும். சார்ஜருக்குத் தட்டையான மூன்று முனை கொண்ட அடாப்டர் வாங்குங்கள். கேமராவுக்குச் செலவழிப்பதைவிட ஆளுக்கொரு பைனாகுலர் நல்லது. எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். ஒன்றை மூவர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் சிறுத்தை புல்லுக்குள் போய்விடும்.

திரும்பி வந்த பிறகு மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், அது வழக்கமான காய்ச்சல்தான் என்று வீட்டிலேயே மாத்திரை போடாதீர்கள். அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனைக்குப் போய், கென்யா போய் வந்தோம் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.