கழற்றிய டிரைவும் காணாமற்போன விண்டோஸும்

கேள்வி: என் மேசைக் கணினியில் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியில் (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் சேமிப்பு டிரைவ்) விண்டோஸ் 11 இருந்தது. தனியாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி அதில் லினக்ஸை நிறுவினேன். பூட் லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) எங்கே வைப்பது என்று நிறுவி கேட்டபோதும் புதிய டிரைவையே தேர்ந்தெடுத்தேன். ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. போன வாரம் லினக்ஸ் டிரைவை வேறொரு கணினியில் போட்டுப் பார்ப்பதற்காகக் கழற்றினேன். அன்றிலிருந்து விண்டோஸும் வருவதில்லை. கறுப்புத் திரையில் ‘க்ரப்’ என்ற ஒற்றைச் சொல்லும் பக்கத்தில் கண்சிமிட்டும் கோடும்தான் தெரிகின்றன. விண்டோஸ் அழிந்துவிட்டதா?
(வாசகர், ஈரோடு)

பதில்: அழியவில்லை, உங்கள் கோப்புகள் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கணினியை இயக்கியவுடன் எஃப்12 விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். சில மதர்போர்டுகளில் அது எஃப்11, எஃப்8 அல்லது எஸ்கேப் விசையாக இருக்கும். திறக்கும் பூட் மெனுவில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். பிறகு பயாஸ் அமைப்புக்குள் சென்று அதே வரியை முதலிடத்துக்கு நகர்த்திச் சேமித்துவிட்டால், அன்றாட வேலைக்குத் தடை இராது.

டிரைவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் ஏன் இப்படி ஆனது என்பதுதான் விளக்கப்பட வேண்டியது. பயாஸின் இன்றைய வடிவமான யுஇஎஃப்ஐ உள்ள கணினிகளில் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கோப்பு, ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்’ எனப்படும் சிறு பகுதியில் இருக்கும். விண்டோஸ் தன்னை நிறுவிக்கொள்ளும்போது பெரும்பாலும் 100 எம்பி அளவில் இதை உருவாக்கிவிடுகிறது. இரண்டாவது டிரைவில் லினக்ஸை நிறுவும்போது, முதல் டிரைவில் அப்படியொரு பகுதி ஏற்கெனவே இருப்பதைக் கண்டால், சில நிறுவிகள் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொருட்படுத்தாமல் தங்கள் தொடக்கக் கோப்பையும் அங்கேயே போட்டுவிடுகின்றன. உபுண்டுவின் பழைய நிறுவியில் இக்குறை இருப்பதாக 2014-லேயே பிழையறிக்கை பதிவாகியிருக்கிறது. ஆகவே உங்கள் கணினியில், லினக்ஸின் பூட் லோடரான க்ரப்பின் தொடக்கக் கோப்பு விண்டோஸ் டிரைவிலும், அது படிக்க வேண்டிய மெனுவும் லினக்ஸின் மைய நிரலான கெர்னலும் கழற்றப்பட்ட டிரைவிலும் பிரிந்து கிடந்தன. மெனுவைத் தேடிக் காணாத க்ரப், அடுத்து என்ன செய்வது என்று உங்களையே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. நானும் ஒருமுறை இதே திரையின் முன் அரைமணி நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான்.

நிலையான தீர்வு வேண்டுமென்றால் லினக்ஸில் உள்ள உங்கள் கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் நிறுவுவதே நல்லது. லினக்ஸ் டிரைவில் புதிதாக இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி க்ரப்பை அங்கே இடம்மாற்றும் வழியும் உண்டு. ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் பழகாதவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுக் கணினியைத் திறந்து, விண்டோஸ் இருக்கும் என்விஎம்இ டிரைவைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றுங்கள். டிரைவின் முனை தானாகவே சற்று மேலெழும், சாய்வாக இழுத்தால் கையோடு வந்துவிடும். இப்போது லினக்ஸ் டிரைவை மட்டும் பொருத்தி, பென் டிரைவிலிருந்து நிறுவுங்கள். வேறு டிரைவே கண்ணில் படாததால், நிறுவி தனக்கென்று ஓர் இஎஃப்ஐ பகுதியை அதிலேயே உருவாக்கியாக வேண்டும். முடிந்ததும் விண்டோஸ் டிரைவைத் திரும்பப் பொருத்திவிட்டு, எது வேண்டுமோ அதை பூட் மெனுவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இனி எந்த டிரைவைக் கழற்றினாலும் மற்றது தானே எழும். விண்டோஸின் இஎஃப்ஐ பகுதியில் பழைய க்ரப் கோப்புறை எஞ்சியிருக்கும். அது இருப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை.

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. பல விண்டோஸ் 11 கணினிகளில், உரிமையாளர் அறியாமலே பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். பூட் வரிசையோ, நம்பகமான தொடக்கக் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அமைப்போ மாறினால், அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே திருப்புளியைக் கையில் எடுங்கள்.

கேள்வி: லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. மதர்போர்டு பேட்டரியை மாற்றியும் பயனில்லை.
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: பேட்டரி பாவம், அதன்மேல் குற்றமில்லை. லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட 5.30 மணி முந்தியிருப்பதால், காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்று காட்டுகிறது. லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையைக் கொண்டு ‘லோக்கல் ஆர்டிசி’ என்ற அமைப்பை 1 என மாற்றிவிட்டால், இரண்டும் உள்ளூர் நேரத்திலேயே ஒத்துப்போகும்.

கேள்வி: லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் கோப்புகளைப் படிக்க முடிகிறது, சேமிக்க முடிவதில்லை. விண்டோஸை ஷட் டவுன் செய்த பிறகுதான் லினக்ஸுக்குள் நுழைகிறேன்.
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: நீங்கள் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி, விரைவாக எழுவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை டிரைவில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்நிலையில் எதையாவது எழுதினால் கோப்பமைப்பு சிதையக்கூடும் என்பதால், லினக்ஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்திற்குச் சென்று அவ்வசதியை நீக்கிவிடுங்கள். அதுவரை, லினக்ஸுக்கு மாறும்போது ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட்டை அழுத்துங்கள். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் உண்மையாகவே முழுதும் அணைவது அப்போதுதான்.